மழைப் பக்கத்தில் தடவிய பசை

என்கூட உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டின பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்போது முன்தலை நரைத்திருக்கும். ரேஷன் கடை மிஷினில் என் கைரேகை விழ மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

நம் தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஒரு புத்தகம் பிள்ளைக்கு விஷம் வைத்தது என்று. அந்தப் பிள்ளை என் தம்பி. உங்களில் பலபேர் அதை இன்றைக்கும் நம்புகிறீர்கள். அது உண்மை இல்லை. அந்தப் புத்தகத்துக்கும் அதைக் கொண்டுவந்த அக்காவுக்கும் அதில் ஒரு பங்கும் கிடையாது. பங்கு எனக்குத்தான். அதைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

அந்த வருசம் ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையிலும் இல்லை. கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கால் போனால் கெண்டைக்கால் வரைக்கும் போகும். அப்பா விதைத்த உளுந்து நாலு இலை விட்டுக் காய்ந்தது. பருத்தி முழங்கால் உயரம்கூட வரவில்லை. காட்டில் வேலை இல்லை என்றால் நம் ஊரில் பெட்டிதான். கோவில்பட்டியிலிருந்து ஏஜெண்டு அண்ணாச்சி அட்டைக் கட்டும் தாளும் மைதா மாவும் கொண்டுவந்து போடுவார். வாரத்தில் இரண்டு நாள் வந்து ஒட்டின பெட்டியை அள்ளிக்கொண்டு போவார். அந்த வருசம் ஆண்களும் உட்கார்ந்து ஒட்டினார்கள். அப்பா ஒட்டின பெட்டி கோணலாக இருக்கும். அம்மா அவருக்குத் தெரியாமல் பிரித்து மறுபடி ஒட்டுவாள்.

எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஒன்றரை. தம்பி மண்ணைத் தின்கிற பிள்ளை. சுவரைச் சுரண்டித் தின்பான். அடுப்புக் கரியைத் தின்பான்.

பசை காய்ச்சுவது அம்மா. மைதாவைக் கரைத்துக் கிண்டி, இறக்குகிற நேரத்தில் மயில்துத்தம் போடுவாள். நீலக் கல்கண்டு மாதிரி இருக்குமே, அது. நுணுக்கிப் போட்டதும் பசையில் லேசாக நீலம் ஏறும். எலியும் பூச்சியும் பெட்டியை அரிக்காமல் இருக்க அதைப் போடுவது. இன்னொரு காரணமும் உண்டு. சூடான மைதா வாசம் பசித்த பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். துத்தம் போட்டுவிட்டால் விவரம் தெரிந்த பிள்ளை ஒன்றும் விரலை நக்காது. அது விஷம் என்று எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். பசைச் சட்டிக்கு மேல் தட்டு, தட்டுக்கு மேல் கல். தம்பிக்காக வைத்த கல்.

புத்தகப் பை அக்காவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சனிக்கிழமை சாயந்திரம் பஸ்ஸில் வந்து இறங்கி, மெயின்ரோட்டிலிருந்து நடந்து வருவாள். பசுவந்தனைப் பக்கத்து ஊர். இருபது வயது இருக்கும். காக்கித் துணிப்பையில் புத்தகங்கள். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் காட்டுவதுதான் ஏதோ ஒரு ஆபீஸில் அவளுக்குக் கொடுத்த வேலை. பாடம் நடத்த மாட்டாள். படிக்கச் சொல்லவும் மாட்டாள். “பாருங்கட்டி” என்பாள், அம்புட்டுதான். அவள் வைத்த ஒரே சட்டம், கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். கை கழுவினால் வேலை நிற்கும். அதனால் நாம் மடியில் புத்தகத்தை வைத்து, கையால் பெட்டி ஒட்டி, முழங்கையால் பக்கம் திருப்பினோம். முழங்கையால் பக்கம் திருப்பத் தெரிந்த பிள்ளைகள் நம் தெருவைத் தவிர வேறு எங்கேயும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அக்கா புதிதாக ஒன்றை எடுத்தாள். பெரிய புத்தகம். தாளைத் தட்டினால் சத்தம் வந்தது. அட்டையில் தங்க நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரை.

எதிர்வீட்டுச் சித்தி எட்டிப் பார்த்தாள். “என்ன தாயி, சோப்பு டப்பா மாதிரி முத்திர போட்டிருக்கு?”

“பரிசு வாங்குன புத்தகம் சித்தி. பிள்ளைக புத்தகத்துல நல்லாப் படம் போட்டதுக்குக் குடுக்குற பரிசு.”

“படம் போட்டதுக்கா? எழுதுனதுக்கு இல்லையா?”

“எழுத்து பக்கத்துக்கு ஒரு வரிதான். படந்தான் கத சொல்லுது.”

“நம்ம தீப்பெட்டி லேபிள்ல ஒரு வரிகூடக் கிடையாது. அதுக்கு ரெண்டு மெடல் குடுக்கச் சொல்லு. ஒட்டுறவளுக்கு ஒண்ணு.”

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

கதை இதுதான். ஒரு வெள்ளாட்டுக்குட்டி மழையைத் தேடிப் போகிறது. கூரையில் ஏறிப் பார்க்கிறது. நிற்கிற மாட்டுவண்டியில் ஏறிப் பார்க்கிறது. பாறையில் ஏறிப் பார்க்கிறது. மண் நம் ஊர் மாதிரி கறுப்பு இல்லை, செவலை. ஆனால் வெடிப்பு நம் வெடிப்புதான். கடைசியில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே மழை. எழுத்தே இல்லை. நீலத்தில் இத்தனை நீலம் உண்டு என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. குட்டி ஓரத்தில் சின்னதாக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

“இம்புட்டு மழையா” என்றாள் சித்தி. அதற்குமேல் கேலி பேசவில்லை.

புத்தகம் எதையும் அக்கா யாரிடமும் விட்டுவிட்டுப் போவதில்லை. நான் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

அக்கா யோசித்தாள். “ஏட்டி, ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன். இங்கன ஒண்ணுதான் இருக்கு. அடுத்த சனிக்கிழம இப்படியே கையில குடுக்கணும். கிழிஞ்சிச்சுன்னா என் வேல போயிரும்.”

“கிழியாதுக்கா” என்றேன்.

அந்த வாரம் அதைத் தினமும் பார்த்தேன். ஒருநாள் அப்பா நின்றுகொண்டே மழைப் பக்கத்தைப் பார்த்தார். “எந்த ஊரு?” என்று கேட்டார். தெரியாது என்றேன். 

வியாழக்கிழமை ஏஜெண்டு சைக்கிள் மணி கேட்டது. வேலை நேரத்தில் மடியில் புத்தகம் இருந்தால் ஏசுவார். அவசரமாக இழுத்தேன். மழைப் பக்கம் பெட்டிக் கூடை முனையில் மாட்டிக் கிழிந்தது. ஒரு சாண்.

இரவெல்லாம் அக்காவின் வேலை போவதையே நினைத்துக் கிடந்தேன்.

மறுநாள் அம்மா அடிபம்புக்குத் தண்ணீருக்குப் போனாள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். நான் பெட்டி ஒட்டுகிறவள். ஒரு கிழிசலை ஒட்டத் தெரியாதா? சட்டியின் கல்லை எடுத்தேன், தட்டை எடுத்தேன். தீப்பெட்டித் தாளில் ஒரு துண்டு நறுக்கி, பக்கத்துக்குப் பின்னால் வைத்து ஒட்டினேன். ஓரம் சரியாகச் சேர்ந்தது. இப்போது நினைத்தாலும் நல்ல ஒட்டு. அதோடு விட்டிருக்கலாம். ஆபீஸில் எலி இருந்தால் மைதா வாசத்துக்கு அரித்துவிடுமே என்று நினைத்தேன். துத்த டப்பாவைத் திறந்து ஒரு கல்லை நுணுக்கினேன். பசையில் குழைத்து ஒட்டின இடத்துக்கு மேல் கனமாகத் தடவினேன். பெட்டிக்குப் போடுவதைப்போல நாலு மடங்கு இருக்கும். புத்தகம் ரொம்ப நாள் கெடாமல் இருக்க வேண்டும் என்று செய்தேன்.

வாசலில் வெயிலில் விரித்து வைத்தேன். கை கழுவப் பின்னால் போனேன். திரும்பி வந்தபோது தம்பி எழுந்து வந்து புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். வாயில் தாள். ஒட்டின துண்டில் பாதியைக் காணோம். விரலை விட்டுத் தோண்டினேன். கொஞ்சம் வந்தது. மீதி போய்விட்டது.

புத்தகத்தை மூடி வைத்தேன். அழவில்லை, கத்தவில்லை. சட்டியை மூட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் வாந்தி எடுத்தான். நீலமும் பச்சையுமாக, தாள் துணுக்கோடு வந்தது. அம்மா குடத்தோடு வந்தாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினாள். சித்தி ஓடிவந்தாள். வாந்தியைப் பார்த்தாள். வாசலில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

“ஐயையோ, அந்த மழைய நக்கிட்டான்!” என்று கத்தினாள்.

அம்மா பசைச் சட்டியைப் பார்த்தாள். தட்டு தனியாக, கல் தனியாகக் கிடந்தது. அப்புறம் புத்தகத்தைப் பார்த்தாள். “ஆமா, புத்தகந்தான்” என்றாள்.

சித்தி வீட்டுக்காரர் மொபெட்டில் அம்மாவும் தம்பியும் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்பா பின்னாலேயே பஸ்ஸில் போனார். என்ன தின்றான் என்று டாக்டர் கேட்டாராம். படம் போட்ட புத்தகத்தைத் தின்றான் என்று அம்மா சொன்னாளாம். வயிற்றைக் கழுவினார்கள். ஒரு நாள் முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதியம்தான் பிழைத்துக்கொள்வான் என்றார்கள்.

அன்றைக்குத்தான் சனிக்கிழமை.

மாற்றுத்துணி எடுக்க அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். தெருவே எங்கள் வாசலில் நின்றது. ஏஜெண்டு அண்ணாச்சி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

“மெடல் குத்தி அனுப்புனா நம்மாளு வாயப் பொளந்துக்கிட்டு வாங்கிருவான். அந்தப் பளபளப்புக்கு என்ன சாயம் போட்டானோ? எத்தன வருசமாப் பசை காய்ச்சுதோம். ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருக்கா?”

இல்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

அக்கா பையோடு வந்தாள். வழியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

“அண்ணாச்சி, தம்பி எப்படி இருக்கான்?” என்று அப்பாவிடம் கேட்டாள்.

“அத நீ கேக்காத” என்றார் அப்பா.

“பிள்ளைகளுக்குன்னே அடிச்ச புத்தகம் அண்ணாச்சி. அதுல விசம் எப்படி இருக்கும்?”

“என் பிள்ள வாயில நீலமா வந்துச்சு. அதுக்கு என்ன சொல்லுத?”

“இங்கன குடுங்க. உங்க முன்னால நக்கிக் காட்டுதேன்.”

அவள் கையை நீட்டினாள். அப்பா முந்திக்கொண்டார். புத்தகத்தை எடுத்துப்போய்ப் பசை காய்ச்சுகிற அடுப்பில் வைத்தார். கனத்த தாள், சீக்கிரம் பிடிக்கவில்லை. குச்சியால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

அக்கா அப்பாவைத் தடுக்கவில்லை. என்னிடம் வந்தாள். குனிந்து கேட்டாள்.

“ஏட்டி, நீதான கூட இருந்த. எந்தப் பக்கத்தத் தின்னான்?”

“மழைப் பக்கம்” என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். பொய் இல்லை. கிழிந்தது, ஒட்டினேன், துத்தம் வைத்தேன் என்பதெல்லாம் நாக்குக்கு வந்து நின்றது. அப்பா கையில் குச்சி இருந்தது. அக்கா முகம் வெளுத்துப்போனது. அந்தப் பக்கத்தில்தான் நீலம் அதிகம் என்று அவளுக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். “இந்தத் தெருப் பக்கம் வராத” என்று சித்தி பின்னாலிருந்து சொன்னாள். அப்புறம் அவள் வரவில்லை. வேலை போய்விட்டது என்று சொன்னார்கள்.

பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். கலர் அட்டை போட்ட புத்தகத்தைக் கண்டால் நம் அம்மாக்கள் ஈரத்துணியால் துடைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த படப் புத்தகத்தைச் சித்தி பரணில் போட்டாள். தம்பிக்குப் ‘புத்தகந்தின்னி’ என்று பேர் விழுந்தது. அவன் படிக்காமல் போனதற்கும் அதையே காரணம் சொன்னான். துத்தம் மட்டும் எல்லார் வீட்டுச் சட்டியிலும் விழுந்துகொண்டே இருந்தது. நான் அஞ்சாவதோடு நின்று ஃபாக்டரிக்குப் போனேன்.

நாலைந்து வருசம் கழித்து நல்ல மழை பெய்தது. எல்லாரும் தெருவில் இறங்கி நின்றார்கள். நான் உள்ளேயே இருந்தேன்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். போன தை மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. கட்டுப்போட்டுப் படுத்திருந்தாள். அவள் கண் என்னைப் பார்க்காத நேரம் அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முழுதும் சொன்னேன்.

 தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“சட்டியத் தொறந்தது நீயா?” என்றாள்.

“ஆமா.”

“நாந்தான் மூடாமப் போயிட்டேன்னு நெனச்சேன்.”

“அதான் புத்தகம்னு சொன்னியா?”

“வேற என்ன சொல்ல? பசைன்னு சொன்னா உங்கப்பா என்னைய வெட்டிப் போட்டிருப்பாரு. ஏஜெண்டு அன்னைக்கே அட்டைக் கட்டத் தூக்கிட்டுப் போயிருப்பான். பெறவு எதத் திங்க?” கண் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். “சட்டியப் பாத்த ஒடனே எனக்குத் தெரியும், பசைதான்னு.”

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருசம் ஆளுக்கு ஒன்றை ஒளித்து வைத்திருந்தோம். தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டுபேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டோம். அது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

“அந்தப் பிள்ள எந்த ஊரு?” என்றாள் அம்மா. “போயிச் சொல்லிட்டு வா.”

போனேன். பசுவந்தனையில் இறங்கி விசாரித்து, இன்னொரு மினிபஸ் ஏறிப் போனேன். அக்கா வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். ஜாக்கெட் தைக்க வந்த ஆள் என்று என்னை நினைத்தாள். ஊர்ப் பேரைச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“அந்தப் பய…” என்றாள். 

“நல்லா இருக்கான்கா. லோடு ஆட்டோ ஓட்டுதான். ரெண்டு பிள்ளைக.”

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“உசுரோட இருக்கானான்னு கேக்கக்கூட எனக்குப் பயம். உங்க ஊரு வழியாப் போற பஸ்ல ஏற மாட்டேன்.”

“உங்க வேல போயிட்டுன்னு சொன்னாங்க.”

“யாரும் எடுக்கல. நானே விட்டுட்டேன். இன்னொரு பிள்ள கையில புத்தகத்தக் குடுக்கக் கை வரல.” தைத்த துணியை நீவிவிட்டாள். “எனக்கு மூணு பிள்ளைக. ஒண்ணுக்குக்கூடப் படம் போட்ட புத்தகம் வாங்கிக் குடுக்கல. யாராவது குடுத்தாலும் வாங்கி ஒளிச்சு வச்சிருவேன். ஏம்மா, ஏம்மான்னு கேக்கும். என்ன சொல்ல?”

ஊரில் யார் நம்பினாலும் நம்பட்டும், அவள் நம்பியிருக்க மாட்டாள் என்றுதான் இத்தனை வருசம் எண்ணியிருந்தேன். புத்தகத்தை வாங்கி நக்கிக் காட்ட வந்தவள் அவள். என்னுடைய ஒரு வார்த்தையில் நம்பிவிட்டாள்.

சொன்னேன். கூடை முனையில் கிழிந்தது, சட்டியைத் திறந்தது, துத்தத்தை நுணுக்கியது, கனமாகத் தடவியது, அவள் கேட்டபோது நான் பாதியைச் சொன்னது, எல்லாம்.  அம்மா சொன்னதையும் சொன்னேன்.

“கிழிஞ்சா வேல போயிரும்னு நாந்தான சொன்னேன்” என்றாள். “சும்மா சொன்னது. பத்திரமா வச்சிக்கிடுவேன்னு.”

“என்னைய ஏசுங்கக்கா” என்றேன்.

அவள் ஏசவில்லை. கால் மிஷின் மிதியில்தான் இருந்தது. மிதிக்கவில்லை. வாசலில் ஒரு ஆள் துணியோடு வந்து நின்றார், கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“கடைசிப் பிள்ளயும் காலேஜ்ல சேந்துட்டா” என்றாள். “இனிப் படம் பாக்குற வயசுல வீட்டுல யாரும் இல்ல.”